"உம்" கொட்ட ஆள் வேண்டும்!

கதை சொல்ல ஒரு வாய் வேண்டும். கதை கேட்க ஒரு காது வேண்டும். இவை இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. மூன்றாவதாக ஒன்று வேண்டும். அதைத்தான் நாம் மறந்துகொண்டு வருகிறோம். அதுதான் "உம்".

"ஒரே ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தாராம்."

"உம்."

"அந்த ராஜாவுக்கு மூன்று பெண்களாம்."

"உம்."

இந்த "உம்" வராவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள். "என்னடா, தூங்கிவிட்டாயா? உம் கொட்டினால்தான் மேலே சொல்லுவேன்" என்பாள். தூக்கம் கண்ணைச் சுழற்றும். ஆனாலும் பேரன் அவசர அவசரமாக "உம், உம்" என்பான்.

பிள்ளை தூங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு என்று நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். விளக்கை அணைத்த பிறகு பிள்ளையின் முகம் தெரியாது. குரல்தான் தெரியும். பயந்து சொல்லும் "உம்" ஒரு மாதிரி இருக்கும். ஆசையோடு சொல்லும் "உம்" வேறு மாதிரி இருக்கும். சலித்துப் போய்ச் சொல்லும் "உம்" இன்னொரு மாதிரி இருக்கும். பிள்ளை பயந்தால், பாட்டி ராட்சசனைக் கொஞ்சம் குட்டையாக்கிவிடுவாள். பிள்ளை சலித்தால், எங்கிருந்தோ ஒரு நரியைக் கொண்டுவந்து உள்ளே விடுவாள்.

ஆகவே கதையைப் பாட்டி மட்டும் சொல்லவில்லை. பேரனும் சேர்ந்துதான் சொல்லுகிறான். சொல்பவர் பாதி, கேட்பவர் பாதி. இதுதான் வாய்க்கதையின் சட்டம்.

கேட்பது சிறிய காரியம் என்று நினைக்க வேண்டாம். திருவள்ளுவர் "கேள்வி" என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். "கல்வி", "கல்லாமை" என்ற இரண்டு அதிகாரங்களுக்கும் அடுத்தபடியாக அதை வைத்திருக்கிறார். படிக்க முடியாமல் போனவர்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று அதிலே வழி காட்டுகிறார்.

வில்லுக்குப் பக்கத்தில் யார்?

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு இருக்கும். பெரிய வில் ஒன்று. அதன் நாணிலே மணிகள். வில்லோடு சேர்த்து ஒரு மண்குடம். உடுக்கை, தாளம், கட்டை ஆகியவையும் உண்டு. நடுவிலே தலைமைப் பாடகர் உட்கார்ந்து, இரண்டு வீசுகோல்களால் நாணைத் தட்டிக்கொண்டு கதையைப் பாடுவார்.

அவர் தனியாக உட்காருவதில்லை. வலது பக்கமும் இடது பக்கமும் பின்பாட்டுக்காரர்கள் இருப்பார்கள். அவர் ஒரு வரி பாடினால் இவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அவர் ஒரு செய்தி சொன்னால் "ஆமா" என்பார்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்பார்கள். சில நேரம் குறுக்குக் கேள்வியும் போடுவார்கள். பாட்டி வீட்டு "உம்" இங்கே மேடை ஏறி உட்கார்ந்திருக்கிறது!

அங்கே பாடுகிற கதைகள் சாதாரணக் கதைகள் அல்ல. முத்துப்பட்டன் கதையைப் பாருங்கள். அவன் பிராமண குலத்தில் பிறந்தவன். பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு சகோதரிகளைக் கண்டு ஆசைப்படுகிறான். அவர்கள் தோல் வேலை செய்யும் வாலப்பகடையின் பெண்கள். "என் பெண்கள் வேண்டுமானால் பூணூலை எடு, குடுமியை எடு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்" என்கிறார் தகப்பனார். பட்டன் அவ்வளவையும் செய்கிறான். கல்யாணம் நடக்கிறது. ஆனால் மாமனாரின் மாடுகளைக் களவாட வந்தவர்களோடு சண்டையிட்டு அவன் உயிரை விடுகிறான்.

அந்தப் பட்டன் இன்று பட்டவராயன் என்ற தெய்வம். பாபநாசம் மலையில், காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் அவருக்குச் சந்நிதி இருக்கிறது. பக்தர்கள் அங்கே காணிக்கையாகச் செருப்புக் கொண்டுவந்து வைக்கிறார்கள். கோயில் வாசலில் கழற்றிப் போடும் செருப்பு அங்கே சாமிக்குக் காணிக்கை! சாதி சுவர் கட்டியது. கதை அந்தச் சுவரில் ஒரு வாசல் வைத்தது. அந்த வாசலை இத்தனை காலமும் மூடவிடாமல் காத்தவர்கள் ஏட்டைப் படித்தவர்கள் மட்டும் அல்ல. விடிய விடியக் கண்விழித்து "ஆமா" போட்டுக் கேட்ட ஊர்மக்களும்தான்.

"நீர் யார்?"

வடக்கே விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கம் வந்தால் திரௌபதை அம்மன் திருவிழா. பகலில் பாரதப் பிரசங்கம். பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டைச் சொல்லி, பொருள் சொல்லி, நடுநடுவே ஊர் நியாயமும் சொல்லுவார். இரவில் தெருக்கூத்து.

கூத்திலே ராஜா திரைக்குப் பின்னால் இருந்து வந்தவுடன் கட்டியங்காரன் அவரிடம் கேட்பான்: "நீர் யார்? எந்த ஊர்? எதற்காக வந்தீர்?" துரியோதன மகாராஜாவாகவே இருக்கட்டும், பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்! சபையில் உட்கார்ந்திருக்கும் சாதாரண மனிதனின் கேள்வியைத்தான் கட்டியங்காரன் கேட்கிறான். அவனுக்குப் பயமும் இல்லை, மரியாதையும் கொஞ்சம் குறைவு. ஜனங்கள் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே ராஜாவை எடை போடுகிறார்கள்.

அர்ச்சுனன் தபசு அன்று, அர்ச்சுனன் வேடக்காரர் உயரமான தபசு மரத்தில் ஏறிப் பாடிக்கொண்டே பூவும் பழமும் எறிவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். கதை மேலே நடக்கிறது. அதன் பலன் கீழே இறங்கி வருகிறது. கேட்பவர் கதைக்குள்ளேயே வந்துவிடுகிறார்.

எல்லா மதத்திலும் உண்டு

இந்த வழக்கம் ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தம் அல்ல.

தமிழ் முஸ்லிம் புலவர்கள் "மசலா" என்று ஒரு வகை நூல் செய்தார்கள். இது சமையல் மசாலா அல்ல! மசலா என்றால் கேள்வி. கேள்வி கேட்டு, விடை சொல்லி, அதன் வழியாகவே மார்க்கத்தை விளக்குவது அந்த நூல். 1572ஆம் ஆண்டில் வந்த "ஆயிரம் மசலா" தமிழில் முழுமையாகக் கிடைத்துள்ள மிகப் பழைய இஸ்லாமிய நூல் என்று சொல்லப்படுகிறது. கதையாகச் சொல்லும் நூல்களுக்குக் "கிஸ்ஸா" என்று பெயர். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை ஒருவர் பாடி விளக்க, ஊரே கூடிக் கேட்கும் வழக்கமும் இருந்தது.

கிறிஸ்தவர்களில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) பெயர் பெற்றவர். பெத்லகேம் குறவஞ்சி அவர் செய்தது. குறத்தி வந்து குறி சொல்லும் நாட்டு வழக்கத்தை எடுத்து, அதிலே ஏசுநாதரின் கதையை வைத்தார். தமிழ்க் கிறிஸ்தவர்களின் கதாகாலட்சேபம் அவரால் செழித்தது.

சைவ மேடையில் திருமுருக கிருபானந்த வாரியாரை (1906-1993) மறக்க முடியுமா? அவருடைய கூட்டத்தில் பிள்ளைகளுக்கு முன்வரிசை. கதையின் நடுவே திடீரென்று ஒரு பிள்ளையைப் பார்த்துக் கேள்வி கேட்பார். பதில் சரியாக வந்தால் பரிசு கொடுப்பார். பெரிய மனிதர்கள் பின்னால் உட்கார்ந்து, பிள்ளைகள் சொல்லும் பதிலைக் கேட்டுச் சிரிப்பார்கள். பிள்ளை "உம்" கொட்டினால் ஊரே விழித்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

அக்கம்பக்கத்தில்

ஆந்திரத்திலே புர்ரகதை என்று ஒன்று. மூன்று பேர் பாடுவார்கள். நடுவே நிற்பவர் தம்புராவோடு கதை சொல்வார். இரண்டு பக்கமும் நிற்பவர்கள் சிறு முழவு கொட்டுவார்கள். அவர்களில் ஒருவருக்கு வேலை நகைச்சுவை. மற்றவருக்கு வேலை நாட்டு நடப்பு. பழைய வீரன் கதை நடந்துகொண்டிருக்கும்போதே இன்றைய அரிசி விலையை இழுத்து உள்ளே போடுவார் அவர்! இந்தக் கலையில் பெரும் புகழ் பெற்றவர் குண்டூர் மாவட்டத்து ஷேக் நாசர். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த அவர் பல்நாட்டு வீரர் கதையைப் பாடினால் ஊர் ஊராக ஜனங்கள் கூடினார்கள். 1986இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கேரளத்திலே கதாப்பிரசங்கம். வி. சாம்பசிவன் (1929-1996) ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவையும் டால்ஸ்டாயின் கதையையும் கோயில் திருவிழா மேடையில் சொன்னார். அந்த நூல்களைக் கையால் தொட்டிராத ஆயிரக்கணக்கானவர்கள் அவற்றைக் காதால் படித்தார்கள்.

சத்தீஸ்கரிலே பாண்டவானி. அது பாண்டவர் கதை. பாடுகிறவருக்குப் பக்கத்தில் "ராகி" என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் வேலை என்ன தெரியுமா? "உம்" கொட்டுவதுதான்! அங்கே அதற்கு "ஹுங்காரி" என்று பெயர். பாடுகிறவர் மூச்சு வாங்கும்போது அவர் கேள்வி கேட்டுக் கதையை முன்னே தள்ளுவார்.

இந்தப் பாண்டவானியில் புகழ் பெற்றவர் தீஜன் பாய். பிலாய் நகருக்குப் பக்கத்துக் கிராமத்தில், பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வளர்ந்த பெண். தாத்தா பாரதம் சொல்லச் சொல்ல, கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தார். 13 வயதில் மேடை ஏறினார். பெண்கள் உட்கார்ந்துதான் பாட வேண்டும் என்பது அந்தக் கால வழக்கம். ஆண்களைப் போல நின்றுகொண்டு, தம்பூராவையே பீமனின் கதையாக ஓங்கிக்கொண்டு இவர் பாடினார். அவருடைய சமூகத்தார் அவரை ஒதுக்கி வைத்தார்கள். அவர் பாட்டை விடவில்லை. 2019இல் நாட்டின் இரண்டாவது பெரிய விருதான பத்ம விபூஷண் அவருக்குக் கிடைத்தது. சொன்னது தாத்தா, கேட்டது பேத்தி. கேட்ட பேத்தியால் ஒரு கலை உயர்ந்தது.

கடல் கடந்தும் அதே "உம்"

கடலுக்கு அப்பாலும் இதைக் காணலாம்.

ஆப்பிரிக்காவிலே மாலி என்று ஒரு நாடு. அங்கே 13ஆம் நூற்றாண்டில் சுஞ்ஜாத்தா என்ற மன்னர் ஒரு பேரரசை நிறுவினார். அவருடைய வரலாற்றைப் பரம்பரைப் பாணர்கள் வாய்ப்பாடமாகச் சொல்லி வருகிறார்கள். பாணர் ஒரு வரி சொன்னவுடன், பக்கத்தில் இருப்பவர் "நாமு" என்பார். அதற்கு "ஆம்" என்று அர்த்தம். எண்ணூறு ஆண்டு வரலாற்றை அந்தச் சிறு சொல்தான் தாங்கி நிற்கிறது.

அங்கிருந்து இன்னும் ஒரு கடல் தாண்டினால் ஹைத்தி என்ற தீவு நாடு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துக்கொண்டுபோன மக்கள் அங்கே கரும்புத் தோட்டங்களில் வாட்டி வதைக்கப்பட்டார்கள். 1804இல் அவர்கள் தங்கள் நாட்டைச் சுதந்திர நாடாக்கிக்கொண்டார்கள். அங்கே கதை சொல்லுகிறவர் "கிரிக்?" என்பார். கேட்க வந்தவர்கள் "கிராக்!" என்று கத்த வேண்டும். அவர்கள் கத்தாவிட்டால் கதை தொடங்காது. நிலம் போயிற்று, பேர் போயிற்று, சொந்தபந்தம் போயிற்று. கதையை மட்டும் யாராலும் பறிக்க முடியவில்லை. சொல்ல ஒருவரும் கேட்க ஒருவரும் இருந்தார்கள். அது போதுமாக இருந்தது.

கேட்க ஆள் இல்லாத கூத்து

நம் பக்கத்திலேயே இன்னோர் அதிசயம் இருக்கிறது. பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களில் தோல்பாவைக் கூத்து நடக்கிறது. அங்கே சொல்லுவது நம்முடைய கம்பராமாயணம். கோயிலுக்கு எதிரே கூத்துமாடம் என்று தனியாக ஒரு கட்டடம். 7 இரவு, 14 இரவு, 21 இரவு என்று கூத்து நடக்கும்.

பல இரவுகளில் நடு ஜாமத்துக்கு மேல் எதிரே ஒரு மனிதர்கூட இருப்பதில்லை. ஆனாலும் திரைக்குப் பின்னால் கூத்து நிற்பதில்லை. ஏன்? பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு போரிடப் போயிருந்தாளாம். அதனால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்கத் தவறிவிட்டாளாம். அவளுக்காகத்தான் அந்தக் கதையைச் சொல்லிக் காட்டுகிறார்கள். மனிதர் எழுந்து போனாலும் தெய்வம் உட்கார்ந்து கேட்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை.

கேட்பவர் இல்லாமல் கதை இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? மனிதர் இல்லாத இடத்தில், தெய்வத்தையே கேட்பவராக உட்கார வைத்துவிட்டார்கள்!

திண்ணையில் ஒரு புத்தகம்

"கதை கேட்பது எழுத்தறியாத காலத்து வழக்கம். இப்போதுதான் எல்லோரும் படிக்கிறோமே!" என்று சிலர் சொல்லலாம்.

எழுத்து வந்தபோது வாய்க்கதை ஓடிவிடவில்லை. எழுத்தோடு கைகோத்துக்கொண்டது. நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை ஆகியவை "பெரிய எழுத்து" என்ற பெயரோடு மலிவு விலையில் வந்தன. கண் மங்கியவர்களும் அப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகியவர்களும் படிப்பதற்காகவே கொட்டை எழுத்து. ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து ராகம் போட்டுப் படிப்பார். பத்துப் பேர் சுற்றி இருந்து கேட்பார்கள். டீக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டதும் இப்படித்தான். அந்தக் கேள்வி ஞானத்தால் எழுத்தின் மேல் ஆசை கொண்டு, பிறகு தாமே படிக்கக் கற்றவர்கள் எத்தனையோ பேர்.

கரிசல் காட்டு எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். கிராமத்துக் கிழவர்களிடமும் கிழவிகளிடமும் கேட்ட கதைகளை அவர் திரட்டி எழுதினார். புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. 1991இல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றார். 2021இல் மறைந்தார். அவர் கேட்டார், அதனால் எழுதினார். அவர் கேட்காமல் விட்டிருந்தால் அந்தக் கதைகளில் பல அந்தக் கிழவிகளோடு போயிருக்கும்.

வீட்டு மூலையில் இருப்பது யார்?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

பிள்ளை சாப்பிட மறுக்கிறது. அம்மாவுக்கு வேலை தலைக்கு மேலே. செல்போனை எடுத்து எதிரே வைக்கிறாள். பொம்மைப் படம் ஓடுகிறது. பிள்ளை வாயைத் திறக்கிறது, சோறு உள்ளே போகிறது. தாயைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. அவளுக்கும் இரண்டு கைதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். செல்போன் கதை சொல்லுகிறது. "உம்" கேட்பதில்லை. பிள்ளை பயந்தாலும் ராட்சசன் குட்டையாக மாட்டான். பிள்ளை "ஏன்?" என்று கேட்டாலும் படம் நிற்காது. பிள்ளை தூங்கிவிட்டாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். தான் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்றுதான் என்பதைப் பிள்ளை மெல்ல மெல்லப் பழகிக்கொள்கிறது.

அதே வீட்டில் மூலையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் நூறு கதை இருக்கிறது. "எனக்கு என்ன தெரியும்? நான் என்ன படித்தவளா? பேரன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான், என் கதை அவனுக்கு எதற்கு?" என்று அவள் வாயை மூடிக்கொள்கிறாள். இதுதான் பெரிய நஷ்டம். பணம் போனால் சம்பாதிக்கலாம். பாட்டி போய்விட்டால் அந்த நூறு கதையை எந்தக் கடையில் வாங்குவது?

மேடையிலும் இதே நிலைமைதான். கன்னியாகுமரி மாவட்டத்து வில்லிசைக் கலைஞர் பூங்கனி அம்மாள் சிறு வயதிலேயே வில்லுக்கு முன்னால் உட்கார்ந்தவர். பெண்கள் மேடை ஏற அஞ்சிய காலத்தில் ஊர் ஊராகப் பாடியவர். முதுமையில் வறுமையோடு வாழ்ந்து 2018இல் மறைந்தார். ஒரு காலத்தில் விடிய விடிய அவருக்கு "ஆமா" போட்ட ஊர்கள் பிற்காலத்தில் அவரை மறந்துவிட்டன.

பழைய கதையில் குப்பை இல்லையா?

ஒரு நியாயமான கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். "பழைய கதைகளில் பெண்ணை இழிவாகப் பேசுவது உண்டு. சாதியை உயர்த்திச் சொல்வது உண்டு. கறுத்தவரையும் கால் ஊனமுற்றவரையும் கேலி செய்வது உண்டு. அவற்றையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

உண்மைதான். அப்படிப்பட்ட கதைகள் இருக்கின்றன. ஆனால் அதற்கு மருந்தும் வாய்க்கதையிலேயே இருக்கிறது. அச்சடித்த புத்தகம் மாறாது. வாய் மாற்றிச் சொல்லும்.

நந்தனார் கதையைப் பாருங்கள். சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் கதையைச் சுருக்கமாகப் பாடினார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கதாகாலட்சேபத்துக்காக விரித்துப் பாடியபோது, பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பண்ணையாரை உள்ளே கொண்டுவந்தார். சிதம்பரம் போக நந்தனுக்கு அனுமதி தர மறுக்கும் பண்ணையார் அவர். பக்திக் கதைக்குள் பண்ணையாளின் கண்ணீர் வந்து சேர்ந்தது. பிறகு கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் வந்தார். 1949இல் வெளிவந்த "நல்லதம்பி" படத்தில் கிந்தனார் காலட்சேபம் செய்தார். அவருடைய கிந்தன் ஆசைப்பட்டது படிப்புக்கு! காலட்சேபத்தின் உருவம் அதேதான். சப்ளாக்கட்டையும் அதேதான். கதை மட்டும் காலத்தோடு நடந்து வந்துவிட்டது.

கலைவாணரோடு பழகிய சுப்பு ஆறுமுகம் வில்லுப்பாட்டில் நாட்டு நடப்பையும் சீர்திருத்தத்தையும் பாடி, 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். 2022இல் மறைந்தார். கொத்தமங்கலம் சுப்பு காந்தி மகானின் கதையையே வில்லில் ஏற்றிப் பாடினார்.

நல்லதங்காள் கதையை எடுத்துக்கொள்வோம். பஞ்சத்துக்குப் பயந்து ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள் நல்லதங்காள். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி விரட்டுகிறாள். நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். வத்திராயிருப்பு பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. "மானத்துக்காக உயிரை விட்டாள்" என்று இந்தக் கதையை முடித்துவிட்டால் அது ஆபத்து. ஆனால் கேட்கிற பிள்ளை ஒன்று எழுந்து, "ஏன் பாட்டி, அந்த ஊரில் வேறு யாருமே அவர்களுக்குச் சோறு போடவில்லையா?" என்று கேட்டால்? அந்த ஒரு கேள்வி கதையின் முகத்தையே திருப்பிவிடும். பசித்தவர் வாசலுக்கு வந்தால் நாம் என்ன செய்ய வேண்டும் என்ற பேச்சு அந்த வீட்டில் தொடங்கிவிடும்.

ஆகவே கெட்ட கதைக்குப் பயந்து வாயை மூட வேண்டாம். பிள்ளையின் வாயைத் திறந்து விடுங்கள். "உம்" கொட்டப் பழகிய பிள்ளை ஒரு நாள் "ஊஹூம்" என்றும் சொல்லும்!

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். காசும் வேண்டாம்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் போதும். டெலிவிஷனை நிறுத்துங்கள். செல்போனை அலமாரியில் வையுங்கள். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா யாராவது ஒரு கதை சொல்லட்டும். "எனக்குக் கதை தெரியாதே" என்கிறவர்கள், தங்கள் ஊர் ஏரி உடைந்த கதையையோ, முதன்முதலாக ரெயில் ஏறிய கதையையோ சொல்லலாம். தெரிந்ததைச் சொன்னால் அதுவே கதை.

சொல்லும்போது பிள்ளையைக் கேள்வி கேட்க விடுங்கள். "குறுக்கே பேசாதே" என்று அதட்டாதீர்கள். குறுக்கே பேசுவதுதான் இங்கே கேட்பதற்கு அடையாளம்.

அடுத்த நாள் பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். பெரியவர்கள் "உம்" கொட்டுங்கள். அது கதையை மாற்றிச் சொன்னால் திருத்தாதீர்கள். ரசியுங்கள்.

செல்போன் நமக்கு எதிரி அல்ல. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் அப்பா இரவு நேரத்தில் போனில் ஒரு கதை சொல்ல, இங்கே பிள்ளை "உம்" கொட்டினால், அதுவும் பாட்டி கதையைச் சேர்ந்ததே. வீட்டுப் பெரியவர்கள் கதை சொல்லும் குரலை அதே செல்போனில் பதிந்து வைக்கலாம். பிற்காலத்தில் பொன் கொடுத்தாலும் கிடைக்காத பொருள் அது.

பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்து வகுப்பில் கதை சொல்லச் சொல்லலாம். கைநாட்டு வைக்கும் கிழவி ஒருத்தி ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து கதை சொல்ல, பட்டம் பெற்ற ஆசிரியை பெஞ்சியில் உட்கார்ந்து கேட்கட்டும். அதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு மரியாதை என்றால் என்ன என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டாம்.

கோயில் கொடைக் கமிட்டியாருக்கும் ஒரு வார்த்தை. இன்னிசைக் கச்சேரி வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வில்லுப்பாட்டின் நேரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள். கலைஞருக்குச் சம்மானம் கொடுப்பதோடு, எதிரே உட்கார்ந்து கேட்கவும் செய்யுங்கள். காலி நாற்காலிகளுக்கு முன்னால் பாடுவதைப் போன்ற தண்டனை கலைஞருக்கு வேறு இல்லை.

வீட்டில் தன் பேச்சைக் கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை, வெளியே போய்ப் பிறர் பேச்சையும் கேட்கும். சண்டை வந்த இடத்தில் இரண்டு பக்கமும் கேட்கும். வயதானவர் சொல்லும் நோயையும், வேலைக்காரர் சொல்லும் குறையையும் கேட்கும். கேட்கத் தெரிந்தவர்கள் நிறைந்த வீடு நல்ல வீடு. கேட்கத் தெரிந்தவர்கள் நிறைந்த ஊர் நல்ல ஊர்.

ஆகவே, தாய்மார்களே, பெரியவர்களே! இன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மூலையில் இருக்கும் பாட்டிக்குப் பக்கத்தில் பிள்ளைகளை உட்கார வையுங்கள். "பாட்டி, ஒரு கதை சொல்லு" என்று கேட்கச் சொல்லுங்கள்.

"எனக்கு எல்லாம் மறந்துபோச்சே" என்று முதலில் சொல்லுவாள். நம்பாதீர்கள். ஒரு "உம்" கொட்டிப் பாருங்கள்.